சந்தனம் பூசிய பூனை

என் வீட்டுக்காரர் சென்னையில் ஆபரேஷனுக்குக் காத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பதினெட்டு நாளும், போனில் என் முகம் தெரிந்ததும் முதலில் விசாரித்தது பூனையைத்தான். "சாப்டுச்சா? வெயில்ல படுத்துகினு கீதா? இன்னைக்கு சீவினியா?" என்று வரிசையாகக் கேட்பார். கட்டின பெண்டாட்டி ஒருத்தி எதிரில் நிற்கிறாள். இரண்டு பேர் பார்க்க வேண்டிய நான்கு பவர்லூமை ஒற்றை ஆளாக ஓட்டிவிட்டு வந்து நிற்கிறாள். அவள் சாப்பிட்டாளா என்று ஒரே ஒரு நாள் கேட்டிருந்தால் குறைந்தா போயிருப்பார்? இதை எழுதும்போதுகூட எனக்கு எரிச்சல் வருகிறது. ஆனால் நான் செய்த காரியத்துக்கு அவர் மேல் எரிச்சல்பட எனக்கு யோக்கியதை கிடையாது, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பூனை எங்கள் மகன் கொண்டுவந்து தள்ளியது. சென்னையில் வேலைக்குப் போனவன் ஆசைப்பட்டு ஒரு பெர்ஷியன் பூனையை வாங்கினான். வீட்டு ஓனர் கூடாது என்றதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கூடையில் போட்டுக்கொண்டு திருத்தணிக்கு ரயிலேறி வந்துவிட்டான். வெள்ளை நிறம், சப்பை மூக்கு, விரல் நீளத்துக்கு முடி. தறி ஓடுகிற வீட்டில் எந்த நேரமும் பஞ்சுத் தூசி பறக்கும். சாயங்காலத்துக்குள் நம் தலையே நரைத்த மாதிரி ஆகிவிடும். அந்த வீட்டில் இப்படி ஒரு முடிமூட்டையை வளர்க்கலாமா? "ரெண்டு நாளு சீவலன்னா சடை புடிச்சிக்கும்மா, பாத்துக்க" என்று சொல்லிவிட்டு மகராசன் சாயங்கால வண்டிக்கே கிளம்பிவிட்டான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரரோ மறுநாள் காலையில் ஒரு இரும்புச் சீப்போடு உட்கார்ந்துவிட்டார்.

அதிலிருந்து தினமும் அதுதான் முதல் வேலை. தறியைப் போடுவதற்கு முன், கூடத்தில் ஒரு பழைய லுங்கியை விரித்து, பூனையை மடியில் மல்லாத்திப் போட்டுக்கொள்வார். தாடைக்குக் கீழே ஆரம்பிப்பார், பிறகு காதுக்குப் பின்னால், அக்குள், வயிறு, கடைசியில் வால். சிக்கு இருந்தால் இழுக்கமாட்டார். வேர்ப்பக்கத்தை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிப்பார். முப்பது வருஷம் நூல் சிக்கு எடுத்த கை. பூனை கண்ணை மூடிக்கொண்டு மோட்டார் மாதிரி உறுமும்.

சீவுகிற வரைக்கும் அதனுடன் பேசிக்கொண்டே இருப்பார். எல்லாம் தெலுங்கில். அவர்கள் வீட்டில் அப்பாவை நைனா என்பார்கள், கொஞ்சுவதாக இருந்தால் பிள்ளையையும் நைனா என்பார்கள். பூனைக்கும் அதுவே பேராகிவிட்டது. "ரா நைனா, ரா" என்றால் எந்த மூலையில் இருந்தாலும் ஓடிவரும். நான் தொண்டை கிழியத் தமிழில் கூப்பிட்டாலும் ஒரு காதைக்கூட ஆட்டாது.

இந்தத் தெலுங்கு விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நான் அரக்கோணத்துப் பெண், அப்பா ரயில்வேயில் இருந்தார், எங்கள் வீட்டில் தமிழ் மட்டும்தான். கல்யாணம் ஆகி வந்த முதல் வாரத்திலேயே மாமியாரும் நாத்தனாரும் என்னை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு, என் மூக்கைப் பார்த்துப் பார்த்துத் தெலுங்கில் பேசிச் சிரித்தார்கள். பாஷை புரியாவிட்டால் மூக்கைப் பார்த்துச் சிரிப்பதுமா புரியாது? அன்றைக்கு முடிவுசெய்தேன், செத்தாலும் இந்த வீட்டில் என் வாயிலிருந்து ஒரு தெலுங்கு வார்த்தை வராது என்று. "எனக்கு வராது" என்று ஒரே போடாகப் போட்டேன். எல்லோரும் நம்பினார்கள்.

இரண்டே வருஷத்தில் எல்லாம் புரிய ஆரம்பித்துவிட்டது. அதைச் சொல்வானேன்? எனக்குத் தெரியாது என்ற தைரியத்தில் என் எதிரிலேயே எல்லாவற்றையும் பேசுவார்கள், நானும் வெங்காயம் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வேன். மாமியார் போய்ச் சேர்ந்தார். நாத்தனார் நகரியில் பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். என் வீம்பு மட்டும் போகவில்லை. இருபத்தேழு வருஷம் ஆகிவிட்ட பிறகு, திடீரென்று ஒருநாள் "எனக்குத் தெரியும்" என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஆகவே பூனை வந்தபின் எனக்கு ஒரு வேடிக்கை கிடைத்தது. நான் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருப்பேன். கூடத்தில் அவர் பூனையிடம் என்னைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். "நைனா, நேத்து ரசத்தில் உங்கம்மா கடல் உப்பையெல்லாம் கொட்டியிருக்கிறாள்" என்பார் தெலுங்கில். மறுநாள் நான் உப்பைக் குறைத்துவிடுவேன். அவர் சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்கு ரசம் நல்லாக்கீதே" என்பார். நான் ஒன்றும் தெரியாத மாதிரி, "எப்பவும் போலத்தாங்க வெச்சேன்" என்பேன். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருக்கும்.

மாசி மாசத்தில் ஒரு காலை. தோசைக் கல்லில் மாவை ஊற்றிவிட்டு நிற்கிறேன். கூடத்தில் சீப்புச் சத்தம் நின்றது. "நைனா, குண்டெலோ நொப்பி" என்றார். நெஞ்சில் வலி. பிறகு, படி ஏறினால் மூச்சு முட்டுகிறது, இடது தோளும் இழுக்கிறது என்று தெலுங்கிலேயே சொன்னார். சொல்லிவிட்டுச் சீவத் தொடங்கிவிட்டார்.

ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து, "எத்தனை நாளா?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால், "உனக்கு எப்படித் தெரியும்?" என்பாரே. அந்த ஒரு கேள்விக்குப் பயந்து நின்றேன். தோசை கருகியது. சுற்றி வளைத்து, "உங்க மூஞ்சி ஒரு மாதிரி வாட்டமா கீது, டாக்டராண்ட ஒரு வாட்டி காட்டிட்டு வரலாங்களா?" என்றேன். "இன்னாத்துக்குத் திடீர்னு?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் திரும்பிக்கொண்டேன். "ஒண்ணுமில்ல, கேஸா இருக்கும்" என்றார். அதன்பிறகும் அந்த மாசத்தில் மூன்று தடவை பூனையிடம் சொன்னார். மூன்று தடவையும் கேட்டேன். ரசத்தில் உப்பைக் குறைக்கத் தெரிந்த எனக்கு இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பங்குனி முடிவில் தறிக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மூன்று குழாய் அடைத்திருக்கிறது, நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும் என்று சென்னையில் சொன்னார்கள். சர்க்கரை குறையட்டும் என்று காத்திருக்கவைத்தார்கள். மகன் லீவு போட்டுவிட்டுக் கூட இருந்தான். ஒத்துக்கொண்ட பாவு நூல் தறியில் ஏறியிருந்தது, நெய்த துணி பொதட்டூர்பேட்டை வியாபாரிக்குப் போயாக வேண்டும், பூனையையும் யார் பார்ப்பது? நான் இங்கேயே நின்றுவிட்டேன்.

அவர் போன மூன்றாம் நாள் சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கையெல்லாம் பிறாண்டி வைத்துவிட்டது. நீ வேண்டாம், அவர்தான் வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்லாத குறை. "போ, எக்கேடோ கெட்டுப் போ!" என்று சீப்பை விட்டெறிந்தேன். அதற்குப் பிறகு தறி வேலையில் பூனைக்குச் சோறு வைத்ததோடு சரி. பத்து நாளில் காதுக்குப் பின்னால் கட்டி கட்டியாகச் சடை. பிறகு அக்குளில், வயிற்றில். பறக்கிற பஞ்செல்லாம் அதில் போய் அடைந்து, வால் பழைய தலையணையிலிருந்து எடுத்த பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. போனில் அவர் கேட்கும்போது மூஞ்சியை மட்டும் காட்டுவேன். "வாலைக் காட்டு" என்றால், "சிக்னல் இல்லீங்க" என்று கட் பண்ணிவிடுவேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் பேசினார். குரல் எப்போதும்போல் இல்லை. "இந்தாமே, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போன வாங்கிடுவாங்களாம். நாலு மணிக்குப் போடறேன். பூனைய நல்லா சீவி, முழுசா ஒரு வாட்டி காட்டு. பாத்துட்டு உள்ள போறேன்." பின்னாலேயே மகன் தனியாகக் கூப்பிட்டான். "அம்மா, அப்பாவுக்கு பிரஷர் ஏறவே கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க. ஏறினா நாளைக்குப் பண்ண மாட்டாங்க. எதாவது சொல்லித் தொலைச்சிடாதம்மா."

இந்தச் சடைமூட்டையை எப்படி முழுசாகக் காட்டுவது? இத்தனை நாள் ஏமாற்றினாள் என்று தெரிந்தால் அங்கே பிரஷர் ஏறுமே! தேங்காய் எண்ணெய் தடவினால் சிக்கு இளகும் என்று ஒரு கரண்டி ஊற்றித் தேய்த்தேன். பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து களியாகிவிட்டது. கத்தரிக்கோலை எடுத்தேன். சடைக்குள் தோலும் சுருண்டு வந்திருந்தது எனக்கெங்கே தெரியும்? ஒரு வெட்டில் ரத்தம் வந்தது. பூனை கத்தியது, நானும் கத்தினேன்.

எங்கள் தெருக்கோடியில் மலைமேல் கோயிலில் மொட்டை போடுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். காலைக் கூட்டம் முடிந்து பதினோரு மணிக்கு இறங்கி வருவார். வாசலிலேயே மறித்தேன். அவர் பூனையைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, பூன வளக்கறியா, கம்பளி வளக்கறியா?" என்றார்.

"அண்ணா, சிரிக்காதீங்கண்ணா. நாலு மணிக்கு அவருக்குக் காட்டணும். எப்படியாவது இதச் சரிபண்ணிக் குடுங்க."

"சரிபண்றதுக்கு இன்னா கீது? சீப்பே உள்ள போவாது. மொத்தமா எறக்கிற வேண்டியதுதான்."

"முழு மொட்டையா?"

"வளந்துடும்மா. முடிதானே?"

பிளேடு வேண்டாமென்று மெஷினை எடுத்துவந்தார். நான் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அடம்பிடித்து அழுகிற குழந்தைகளைத் தினமும் பார்க்கிற மனிதர், அத்தனை நிதானம். இரண்டு தடவை கடி வாங்கியும் கோபப்படவில்லை. சடை மொத்தையாகக் கழன்று விழுந்தது. மூஞ்சியையும் வால் நுனியையும் விட்டுவிட்டு மீதி எல்லாம் போனபோது, இத்தனை சின்ன உடம்பா இதற்கு என்று இருந்தது. உரித்த கோழி மாதிரி ரோஸ் நிறத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது. பதினெட்டு நாளில் எவ்வளவு இளைத்திருக்கிறது என்று முடி போன பிறகுதான் தெரிந்தது. அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே, "கொஞ்சம் எரிச்சலா இருக்கும். அவருக்கு நல்லபடியா ஆவும், நீ ஒண்ணும் பயப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மொட்டை போட்டால் சந்தனம் பூசுவோம். திருத்தணியில் இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. தலையைத் துடைத்ததும் கை தானாகச் சந்தனத்துக்குப் போகும். நானும் யோசிக்கவில்லை. சந்தனத்தைக் கரைத்தேன். சித்திரை வெயில், சிவந்துபோன தோல், கத்தரிக்கோல் பட்ட காயம் வேறு. குளிர்ச்சியாக இருக்கட்டுமென்று எங்கள் வீட்டு வழக்கப்படி பச்சைக் கற்பூரத்தை நுணுக்கி அதில் தாராளமாகப் போட்டேன். லட்டில் போடுகிறோம், பொங்கலில் போடுகிறோம், அதனால் என்ன கெடுதல் வந்துவிடும்? கழுத்திலிருந்து வால் வரைக்கும் குழைத்துப் பூசினேன். மஞ்சள் பூனையாக நின்றது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். "முருகா, இவருக்காக வீட்டில் ஒரு மொட்டை போட்டாயிற்று, கணக்கில் வைத்துக்கொள்" என்று சொன்னேன். சொல்லிவிட்டுத் தறியைப் போடப் போய்விட்டேன்.

பூனை உடம்பை நக்கும் என்று உலகத்தில் எந்த மடையனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் தெரியவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் தறிக்கடியில் கிடக்கிறது. வாயிலிருந்து நூல் நூலாக எச்சில். முதுகிலும் வயிற்றிலும் சந்தனத்தைக் காணோம், எல்லாவற்றையும் நக்கி வைத்திருக்கிறது. மஞ்சளாக வாந்தி எடுத்தது. எழுந்து நிற்கப் பார்த்து, பின்னங்கால் மடங்கிச் சரிந்தது. பிறகு உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது. நான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன். நான்கு தறியும் நின்றதும், அது மூச்சுவிடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஐயோ, கொன்றுவிட்டேனே! அவர் நெஞ்சுவலியைக் கேட்டுக்கொண்டு சும்மா நின்ற பாவி, இப்போது அவர் பூனையையும் கொன்றுவிட்டேனே என்று வாய்விட்டு அழுதேன்.

கூடையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே உதவியாளர் ஒருவர்தான் இருந்தார். டாக்டரம்மா கே.ஜி.கண்டிகைக்கு மாடுகளுக்கு ஊசி போடப் போயிருக்கிறார் என்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவரே போன் போட்டு என் கையில் கொடுத்தார்.

"என்னம்மா பூசினீங்க?" என்றார் டாக்டரம்மா.

"சந்தனங்க. கொஞ்சம் பச்சைக் கற்பூரம்."

"கற்பூரம் பூனைக்கு விஷம்மா. மிச்சம் மீதி ஒரு பொட்டுகூட உடம்புல இருக்கக் கூடாது. பாத்திரம் தேய்க்கிற சோப்பு போட்டு வெதுவெதுப்பான தண்ணியில கழுவிட்டு, துண்டுல சுத்திகினு உடனே இங்க வாங்க."

சித்திரை வெயிலில் அங்கிருந்த குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் வந்தது. உதவியாளர் சோப்பு கொண்டுவந்தார். என் புடவை முந்தானையால் துடைத்தேன். ஆட்டோவில் போகும்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது செத்துவிட்டதா என்று குனிந்து பார்த்தேன். "முருகா, முருகா" என்பதைத் தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை.

டாக்டரம்மா மாடுகளை அப்படியே நிறுத்திவிட்டு வந்தார். சின்னப் பெண், என் மகனைவிட இரண்டு வயது மூத்தவளாக இருக்கலாம். இழுப்பு நிற்க ஊசி போட்டார். "ஊசியில மந்தமா கிடக்கும். ஆனா கூப்பிட்டா காதாவது அசையணும். அசையலன்னா என்னைக் கூப்பிடுங்க. ஒரு மணி நேரம் தாண்டிட்டா பொழச்சிக்கும்" என்றார். பிறகு, "அதுக்குப் பழகின குரல்ல கூப்பிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு மாடுகளிடம் போனார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பக்கத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். மடியில் துண்டுச் சுருட்டு. உள்ளே மொட்டைப் பூனை. சரியாக நான்கு மணிக்குப் போன் அடித்தது. கட் பண்ணினேன். மறுபடி அடித்தது, மறுபடியும் கட் பண்ணினேன். "எடும்மா, அப்பா பதறுறாரு" என்று மகன் மெசேஜ் போட்டான். எடுத்தால் பூனையைக் கேட்பார், எடுக்காவிட்டால் பிரஷர் ஏறும். மூன்றாவது தடவை எடுத்தேன். என் முகத்தை மட்டும் காட்டினேன்.

"இந்தாமே, எங்க கீற? பஸ் சத்தம் கேக்குது."

"கடைக்கு வந்தேங்க."

"பூன எங்க?"

"வீட்லதாங்க. தூங்குது."

"இப்ப போயி எழுப்பிக் காட்டு. நான் லைன்லயே இருக்கறேன்."

அந்த நேரம் பார்த்து மடியில் இருந்த சூடு குறைந்த மாதிரி இருந்தது. துண்டை விலக்கினேன். கண் பாதி திறந்து வெறும் வெள்ளையாகத் தெரிந்தது. போனைப் பெஞ்சில் கவிழ்த்துப் போட்டேன். "டேய், இங்க பாருடா! பூன, ஏய்!" என்று உலுக்கினேன். காது அசையவில்லை. "கண்ணு, செல்லம், எழுந்திருடா" என்றேன். அசையவில்லை. பழகின குரல் என்றார் டாக்டரம்மா. அதற்குப் பழகின குரல் அந்தக் கவிழ்ந்த போனுக்குள் இருந்தது.

அப்போது என் வாய் திறந்துகொண்டது. "நைனா! ரா நைனா, ரா. இக்கட சூடு. பயப்படொத்து, நேனுன்னானு." இங்கே பார், பயப்படாதே, நான் இருக்கிறேன் என்று அவர் சொல்கிற அதே இழுப்பில், அதே குழைவில் வந்தது. இருபத்தேழு வருஷம் அடைத்து வைத்தது அப்படியே கொட்டியது. பூனையின் இடது காது லேசாக ஆடியது. முருகா! நிறுத்தினால் செத்துவிடும் என்று நினைத்து நிறுத்தாமல் பேசினேன். போய்விடாதே, நீ போனால் அவருக்கு என்ன பதில் சொல்வேன், அவர் நெஞ்சுவலி என்று உன்னிடம் சொன்னாரே, அடுப்படியில் நின்று நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன், வீம்புக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேனே, என்னால்தானே அவர் இன்றைக்கு அங்கே கிடக்கிறார், நீயும் போய்விட்டால் நான் எங்கே போவேன் என்று எல்லாவற்றையும் தெலுங்கிலேயே சொல்லி அழுதேன். தப்பும் தவறுமான தெலுங்குதான். பூனை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.

பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "இந்தாமே."

போனை நான் கட் பண்ணவே இல்லை. நிமிர்த்திப் பார்த்தால் அவர் முகம். நெஞ்சு முடியெல்லாம் மழித்துவிட்டு, பச்சை அங்கியில் உட்கார்ந்திருந்தார். இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது? பூனையைத் தூக்கிக் காட்டினேன். மொட்டை, சந்தனம், கற்பூரம், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பூனையைப் பார்த்தார். "காது ஆடுதா?" என்றார். "ஆங், ஆடுதுங்க" என்றேன்.

"ஏங்க, மாசி மாசமே கேட்டேங்க. நீங்க இதுகிட்ட சொன்னத. கேட்டுட்டு கம்முனு இருந்துட்டேங்க."

"தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"உப்பு கொறஞ்ச அன்னைக்கே தெரியும். உனக்குக் கேக்கட்டும்னுதாமே சொன்னேன். நெஞ்சு வலியப் பத்திப் பூனைக்கு இன்னா தெரியும்?"

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நான்கு தடவை என்னைக் கூப்பிட்டிருக்கிறார், நான்கு தடவையும் நான் தோசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். அதற்குள் நர்ஸ் வந்து ஏதோ சொன்னார், மகன் போனை வாங்கிக்கொண்டான். பிரஷர் ஏறவில்லை, மறுநாள் காலையில் உள்ளே கொண்டுபோனார்கள்.

இரண்டு பேரும் பிழைத்தார்கள். அவர் நெஞ்சில் கழுத்திலிருந்து வயிறு வரை ஒரு கோடு, மூன்று மாசத்துக்குக் கையைத் தூக்கக் கூடாது. பூனைக்கு அரை விரல் அளவு முடி முளைத்திருக்கிறது. காலையில் அவர் கட்டிலில் படுத்துக்கொள்வார். நான் கீழே லுங்கியை விரித்துச் சீவுவேன். சீவுவதற்கு அதில் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனாலும் வேரை அழுத்திப் பிடித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். இப்போது என்னைப் பிறாண்டுவதில்லை.

போன வாரம், நான் சீவி முடித்துச் சமையலறைக்கு வந்து கல்லில் மாவை ஊற்றியிருந்தேன். பூனை தாவிக் கட்டிலில் ஏறியிருக்கும் போல. கூடத்திலிருந்து அவர் குரல் கேட்டது, தெலுங்கில், சின்னதாக. நைனா, ராத்திரி கொஞ்சம் மூச்சு வாங்கியது.

அடுப்பை அணைத்தேன். தோசை பாதி வெந்து கல்லிலேயே இருந்தது. ஆட்டோவுக்குப் போன் போட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்து, செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, அவர் எதிரில் நின்றேன்.

"ஒண்ணுமில்லமே, கேஸா இருக்கும்" என்றார்.

"ஏமண்டி, லேவண்டி. போதாம்" என்றேன். எழுந்திருங்கள், போகலாம்.